நார்மல் ரிப்போர்ட்டும் எரியும் பாதமும்: குளிர் வைத்து மூளை அலை பார்த்த அனுபவம்

நெர்வ் கண்டக்‌ஷன் (நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் பாதம் எரிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. ராத்திரி போர்வை பட்டாலே பாதம் சுரீர் என்கும். குளியலறை டைல்ஸில் வெறுங்காலை வைத்தால் சில்லிடாது, எரியும். இங்கே ஜெர்மனியில் முதலில் பார்த்த நரம்பு மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நரம்பில் ஒன்றும் இல்லை" என்றார். தூக்கம் கெட்டுப்போன ஒருவரிடம் அப்படிச் சொல்லி அனுப்பக் கூடாது.

அந்த டெஸ்ட் தடித்த நரம்பு இழைகளை மட்டுமே பார்க்கும் என்பதை, வலி ஆராய்ச்சி நடக்கும் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில்தான் விளக்கினார்கள். தொடுகையும் தசை அசைவும் தடித்த இழைகளின் வேலை. குளிர், சூடு, வலி எல்லாம் மெல்லிய இழைகள் வழியாகப் போகின்றன. குளிர்ச் சேதியைக் கொண்டுபோகும் ஏ-டெல்டா இழையின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். இன்னொரு மெல்லிய வகையான சி இழைக்கு ஒரு மீட்டர் அளவுதான். சர்க்கரை பலருக்கு முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

முதலில் கியூஎஸ்டி, அதாவது குளிர், சூடு, தொடுகை எல்லாம் தோலில் எந்த அளவில் தெரிகின்றன என்று பார்க்கும் சோதனை. ஜெர்மன் வலி ஆராய்ச்சி வலையமைப்பு வகுத்தது, மொத்தம் 13 அளவீடுகள். குளிர்வது தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். எல்லாம் நாம் சொல்வதை வைத்துத்தான். அதனால் அடுத்து மூளையையே கேட்டுப் பார்த்தார்கள்.

எண்ணெய் வைக்காமல் தலையை அலசிக்கொண்டு வரச் சொன்னார்கள். மூளை அலையைப் பதியும் ஈஈஜி தொப்பியை மாட்டி, துளைத் துளையாக ஜெல் விட்டார்கள்; உச்சந்தலை எலக்ட்ரோடுதான் இதில் முக்கியம். கால் சில்லிட்டிருந்தால் அளவு தப்பும் என்று கம்பளி சுற்றிச் சூடாக்கி, தோலின் வெப்பத்தைப் பார்த்த பிறகே ஆரம்பித்தார்கள். கையிலும் பாதத்திலும் தோலில் வைத்த சின்னக் கருவிக்குள், மின்சாரம் பாய்ந்தால் குளிரும் பெல்டியர் சில்லுகள் இருக்கின்றன. 30 டிகிரியில் இருக்கும் அது சட்டென்று 10க்கு இறங்குகிறது. நொடிக்கு 300 டிகிரி வேகத்தில் குளிரும் திறன் அதற்கு உண்டாம். மெதுவாகக் குளிர்ந்தால் இழைகள் ஆளுக்கொரு நேரத்தில் சேதி அனுப்பும், அலை எழாது. கூட்டம் ஒரே நொடியில் கை தட்டினால்தானே தெருவுக்குக் கேட்கும்!

சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் இருக்க வேண்டும். சில நொடி இடைவெளி விட்டு, எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி ஒரு சில்லிப்பு. ஒவ்வொரு முறையும் கருவியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, குளிர் 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று கேட்டார்கள். கவனம் சிதறினால் அலையும் சிறுத்துவிடுமாம். நமது தைலத்தில் இருக்கும் மெந்தால் தூண்டுவதும் தோலில் உள்ள இதே குளிர் உணர்வியைத்தான், டிஆர்பிஎம்8 என்று பெயர். அதைத் தனித்தனியே கண்டறிந்த விஞ்ஞானிகள் ஜூலியஸ், பட்டபூட்டியன் இருவருக்கும்தான் 2021 மருத்துவ நோபல்.

பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்துத் திரையில் காட்டினார்கள். கைக்கு, சுமார் 200 மில்லிசெகண்டில் ஒரு பள்ளம், அடுத்து ஒரு மேடு, தெளிவாக இருந்தது. பாதத்துக்குக் கோடு கிட்டத்தட்ட நேராகவே ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அவசரப்படவில்லை. "இது வலியை அளப்பதில்லை. குளிர்ச் சேதி போகிற பாதை சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். வலி எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதை நான் நம்புகிறேன்" என்றார். வயது ஏறினாலும் காலில் அலை குறையும் என்பதால், கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவு தோல் எடுத்து நரம்பு முனைகளை எண்ணிப் பார்த்தார்கள். என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

குளிர்-மூளை அலைச் சோதனை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் நடக்கிறது. கியூஎஸ்டி, தோல் பயாப்ஸி இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். "மெல்லிய இழைகளைப் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். எனக்கு இப்போது நரம்பு வலிக்கான டுலாக்செடின் மாத்திரை போகிறது. எரிச்சல் முழுதாக விடவில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.