காசு கொடுத்து டெஸ்டர் வேலை

வெள்ளிக்கிழமை வெளியாகும் கேமுக்கு செவ்வாய்க்கிழமையே ஸ்பாய்லர் வந்துவிடுகிறது. கூடுதல் காசு கொடுத்து முன்கூட்டியே ஆடும் பிரீமியம் எடிஷன்காரர்கள் கடைசி வில்லனையே அடித்துவிட்டார்கள். என் டிஸ்க்கிலும் முழு கேமும் இறங்கிக் கிடக்கிறது, பூட்டுதான் திறக்கவில்லை.

2020 வாக்கில் பெரிய கேம்களின் விலை 60 டாலரிலிருந்து 70 ஆனது. 2025-இல் மரியோ கார்ட் வேர்ல்ட் 80-க்கு வந்தது. தயாரிப்புச் செலவு கூடிவிட்டது, சரி. ஆனால் 2023-இல் ஸ்டார்ஃபீல்டை ஐந்து நாள் முன்னதாக ஆட 100 டாலர் எடிஷன். காத்திருப்பதையுமா விற்பார்கள்?

நானும் ஒருமுறை ஏமாந்தேன் (எந்த கேம் என்று கேட்காதீர்கள், மானம் போகும்). முதல் நாள் சர்வர் படுத்துவிட்டது. இரண்டாம் நாள் சேவ் ஃபைலைக் காணோம். மூன்றாம் நாள் ராத்திரி கோளாறுகளைச் சரிசெய்யும் பேட்ச் வந்தது. விடிந்தால் எல்லோருக்கும் ரிலீஸ். கூடவே தந்த தங்கநிறச் சேணத்தை இன்னும் மாட்டவில்லை. குதிரை கிடைக்கும் கட்டம்வரை நான் போகவே இல்லை.