வற்றிய நீர்த்தேக்கமும் ஈராண்டுப் பதிவேடும்

டப்ளினில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகள் சட்டம் சொன்ன காலம்வரை இருக்கின்றனவா, கெடு முடிந்தவை அழிக்கப்பட்டனவா என்று பார்ப்பதே என் வேலை. அது வெறும் குமாஸ்தா வேலை என்ற என் எண்ணம், கிரஹாம் டுவையர் என்பவர் மீதான கொலை வழக்கைப் படித்தபோதுதான் ஆட்டம் கண்டது.

அந்த வழக்கில் கொலையுண்ட எலைன் ஓ'ஹாரா 2012 ஆகஸ்டு 22 அன்று காணாமற்போனார். தற்கொலையாக இருக்கலாம் என்றே கருதப்பட்டது. 2013 செப்டம்பரில் விக்லோ மாவட்டத்து வார்ட்ரி நீர்த்தேக்கம் வெகுவாக வற்றியபோது, பாலத்தில் நின்றிருந்த மூவர் நீரடியில் ஏதோ பளபளப்பதைக் கண்டு, கைவிலங்கு முதலியவற்றை வெளியே எடுத்து, ரௌண்ட்வுட் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். அங்கிருந்த காவலர் ஜேம்ஸ் ஓ'டொனஹூ அவற்றைப் பதிவுசெய்து அலமாரியில் வைத்ததோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, கலங்கிய நீரைத் துழாவி ஒரு சாவிக்கொத்தைக் கண்டெடுத்தார். அதில் கோத்திருந்த கடையின் வாடிக்கையாளர் அட்டை எலைனுடையது என்பது விசாரித்தபோது தெரிந்தது. அதே செப்டம்பரில்தான் கில்லக்கீ மலைக்காட்டில் அவருடைய எலும்புகளும் கிடைத்திருந்தன.

நீர்த்தேக்கத்தில் பின்னர் இரண்டு நோக்கியா கைபேசிகளும் அகப்பட்டன. பெயர் மறைத்து வாங்கிய முன்பணச் சிம்மிலிருந்து எலைனுக்குச் சென்ற குறுஞ்செய்திகளில் ஒன்று 15 விழுக்காடு சம்பளக் குறைப்பைப் பற்றிப் பேசியது. மற்றொன்று மாதிரி விமானப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றதைச் சொன்னது. இரண்டும் கட்டடக் கலைஞரான டுவையருக்கு அப்படியே பொருந்தின. அவருடைய அலுவலகக் கைபேசியும் அந்த மறைவு எண்ணும் ஒன்றாகவே ஊர் சுற்றியதைச் செல்போன் கோபுரப் பதிவுகள் காட்டின. மரணத்தின் காரணத்தை மருத்துவரால் உறுதிசெய்ய முடியாத நிலையிலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே 2015 மார்ச்சில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

என் மனத்தில் தங்கிவிட்டது ஒரு கணக்கு. அப்போதிருந்த 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி தொலைபேசிப் பதிவுகளுக்குக் கெடு இரண்டு ஆண்டு, இணையப் பதிவுகளுக்கு ஓர் ஆண்டு. எலைன் மறைந்ததற்கும் சாவிக்கொத்து கிடைத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 13 மாதம். தொலைபேசிக்கும் ஓராண்டுக் கெடுவே இருந்திருந்தால், காவலர்கள் கேட்டு வந்தபோது என்னைப் போன்ற ஊழியரிடம் கொடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் எஞ்சியிருக்காது.

ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு கொலையாளியோடு நாட்டு மக்கள் அத்தனை பேருடைய நடமாட்டமும் இருந்தது. குற்றம் எவ்வளவு கடுமையானதாயினும் எல்லோருடைய தரவையும் வகைதொகையின்றிச் சேமிப்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று 2022 ஏப்ரலில் ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறியது. டுவையரே தொடுத்த வழக்கிலிருந்து எழுந்த கேள்வி அது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன், அந்தப் பதிவுகள் அன்று இருந்ததில் எனக்கு ஆறுதல் உண்டு என்றபோதிலும். 2024 ஜூலையில் அயர்லாந்து உச்ச நீதிமன்றம், குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்த்து டுவையர் செய்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.