அடிக்கோடிட்ட 700

"சார், ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. எத்தனை அடிக்கு மேல போனா ஓடுபாதைக்குத் திரும்பலாம்?"

புறப்பட்ட விமானம் ஏறும்போதே என்ஜின் நின்றால் என்ன செய்வது என்ற வகுப்பு அது. "தரையிலிருந்து 700 அடி" என்றேன். அந்தப் பயிற்சி விமானி நீபோர்டில் (தொடையில் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பலகையில்) 700 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். 'தரையிலிருந்து' என்பதை எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

கடல்மட்டத்துக்கு மேல் 1,200 அடியில் இருக்கும் விமானத் தளத்தில், கியூ.என்.எச். வைத்த (கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும்படி அமைத்த) ஆல்டிமீட்டர் என்ற உயரமானி 1,900 காட்டும்போதுதான் அந்த 700 வரும். வெறும் 700-ஐ மனத்தில் வைத்தவர் ஓடுபாதையில் நிற்கும்போதே அதைத் தாண்டியிருப்பார்.

எண்ணே சொல்லாமல் இருந்திருக்கலாமா? அதுவும் ஆபத்துதான். எண் இல்லாதவர் 400 அடியில் என்ஜின் நின்றதும் யோசிக்க ஆரம்பிப்பார். அந்த உயரத்தில் மூக்கை இறக்கி, நேர் எதிரே கொஞ்சம் இடம் வலம் பார்த்து இறங்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதற்காகத்தான் சொன்னேன். இன்றும் அதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த எண்ணுக்குள் இருப்பதைச் சொன்னேனா? திரும்புவது 180 டிகிரியோடு முடியாது. ஓடுபாதைக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகிவிடுவதால் 210 டிகிரிக்கு மேல் திரும்பி, பிறகு மறுபக்கம் கொஞ்சம் திருத்த வேண்டும். செஸ்னா 172எஸ் விமானத்தில் 68 நாட் வேகம், 45 டிகிரி சாய்வு என்றால் 210 டிகிரிக்குச் சுமார் 13 விநாடி. 30 டிகிரி சாய்வில் 22 விநாடிக்கு மேல். சாய்வைக் கூட்டினால் நேரம் மிச்சம், ஆனால் 48 நாட்டில் வரும் ஸ்டால் (இறக்கை விமானத்தைத் தாங்கும் விசையை இழப்பது) 45 டிகிரி சாய்வில் 57-க்கு ஏறிவிடும். எதிர்க்காற்றில் புறப்பட்டவருக்குத் திரும்பியதும் அதே காற்று முதுகில். தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து, வேகம் அதிகம் என்று மூக்கை இழுப்பார். கோடு தப்புகிறதே என்று ரடரையும் (வால் சுக்கானையும்) மிதிப்பார். ஸ்பின், அதாவது ஸ்டால் ஆகிச் சுழன்றுகொண்டே விழுவது, அங்கேதான் தொடங்குகிறது. மீள்வதற்கு உயரம் இருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு: நம்ப முடியாமல் உறைந்துபோகும் விநாடிகள். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி என்ஜின்கள் செயலிழந்த ஏ320 பயணிகள் விமானத்தை, விமானி சல்லன்பர்கர் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கினார்; 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு நடந்த சிமுலேட்டர் சோதனைகளில், பறவை மோதிய கணமே திரும்பியவர்களில் சிலர் புறப்பட்ட லகார்டியா விமான நிலையத்தை எட்டினார்கள். நிலைமையைப் புரிந்துகொள்ள 35 விநாடி சேர்த்துச் செய்தபோது விமானம் ஓடுபாதைக்கு வந்து சேரவில்லை.

இப்போது எண் கேட்பவர்களிடம் கணக்கை அவர்களையே போடச் சொல்கிறேன். பயிற்றுநரோடு, தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல், 74 நாட்டில் முழு பவரில் ஏற வேண்டும். திராட்டிலை (பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடி, நான்கு விநாடி கைகட்டி இருக்க வேண்டும். பிறகு மூக்கை இறக்கி 68 பிடித்து, 45 டிகிரி சாய்வில் திரும்பி, சமநிலைக்கு வந்ததும் இழந்த உயரத்தைக் குறிக்க வேண்டும். அதில் பாதியை அதோடு கூட்ட வேண்டும். ஏனென்றால் ஐடிலில் (மிகக் குறைந்த பவரில்) ஓடும் என்ஜினைவிட நின்றுபோன என்ஜினின் காற்றாடி விமானத்தை அதிகம் பின்னுக்கு இழுக்கும். கூட்டிய பிறகும் அது அன்றைய எடைக்கும் காற்றுக்கும் மட்டுமான எண்.

போய்ச் செய்துவிட்டு வருகிறார்கள். நீபோர்டை நீட்டுகிறார்கள். அதிலும் ஒரே ஒரு எண்தான், அடிக்கோடிட்டு. "இது சரிதானே சார்?"