ஒரு படத்துக்கு ஏன் இத்தனை தகடுகள்?

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வரும் நண்பர்கள் ப்ளூரே (டிவிடிக்கு அடுத்து வந்த, உயர்தெளிவுப் படத்துக்கான தகடு) பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "படம் ஒண்ணுதானே அண்ணாச்சி, உள்ள எதுக்கு மூணு சிடி வச்சிருக்கான்?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. நெல்லையில் நாம் பழகிய வழக்கம் இதற்கு நேர்மாறானது. ஒரே டிவிடியில் மூன்று படம், ஐந்து படம் என்று தேடி வாங்கியவர்கள் நாம். தகடு குறைந்தால் ஆதாயம் என்ற எண்ணம் அப்போது நம் மனத்தில் ஊன்றிவிட்டது. அந்த ஆதாயத்துக்காக நாம் இழந்தது என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பல தகடுகளுக்கான காரணமும் தானாகவே விளங்கும்.

ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அதில் அடைத்தால், படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்குக் கிடைப்பது சுமார் 1.4 மெகாபிட் மட்டுமே (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட், ஆயிரம் மெகாபைட் சேர்ந்தால் ஒரு ஜிபி). டிவிடியில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை செல்ல இடமுண்டு. பழைய விசிடியில் படத்துக்கு இருந்ததோ 1.15 மெகாபிட். அதாவது டிவிடி என்று பெயர் போட்டு வாங்கி வந்ததில் விசிடியைவிட அதிகத் தகவல் இருந்ததில்லை. முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரிந்ததற்கும், இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகப் பிரிந்ததற்கும் தொலைக்காட்சிப் பெட்டி காரணமன்று.

உயர்தெளிவுப் படத்துக்கு வரும்போது இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 1920-க்கு 1080 என்ற அளவில் ஒரு ஃபிரேமில் இருபது லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 24 ஃபிரேம்கள் வீதம் இரண்டரை மணி நேரப் படத்தைச் சுருக்காமல் வைத்தால், நிறத் தகவலைக் காற்பங்காகக் குறைத்துக்கொண்ட பிறகும், ஏறத்தாழ 670 ஜிபி வேண்டும். ப்ளூரே தகட்டில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்குக்கு 50 ஜிபி. டிவிடியின் 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்குப் பதிலாக 405 நானோமீட்டர் நீலஊதா லேசரைப் பயன்படுத்தி, தடங்களுக்கு இடையிலான தூரத்தை 0.74 மைக்ரோமீட்டரிலிருந்து 0.32-ஆகக் குறைத்ததால்தான் இவ்வளவு இடமே கிடைத்தது. இருந்தும், படத்தைப் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கியாக வேண்டும்.

சுருக்கும் முறை, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொள்வதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் காட்சிக்குச் சிறிதளவு தகவலே போதும். குற்றாலத்து ஐந்தருவியையோ, பாபநாசத்தில் பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் தாமிரபரணியையோ படமாக்கினால் அப்படியில்லை. ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால், மாறாத பகுதி என்று ஒதுக்க ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. மழை, தூசி, புகை, படச்சுருளில் இயல்பாகத் தெரியும் பொடிமணிகள் (கிரெய்ன்) எல்லாம் இதே வகை. நம் ஊர்ப்பக்கம் எடுக்கப்பட்ட அருவிக் காட்சிகள் மலிவுத் தகடுகளில் வெள்ளைக் குழம்பாகத் தெரிந்தது இதனால்தான்.

இங்கே இரண்டு எல்லைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது ஒன்று, மடை வழியே ஒரு நேரத்தில் எவ்வளவு பாயும் என்பது வேறு. ப்ளூரேயில் படத்துக்கான மடை நொடிக்கு 40 மெகாபிட். அந்த மடையை முழுதாகத் திறந்தபடியே வைத்தால் மூன்று மணி நேரப் படத்தின் காட்சிக்கு மட்டும் 54 ஜிபி ஆகும். இரட்டை அடுக்குத் தகட்டில் அது கொள்ளாது.

ஒலியும் தன் பங்கைக் கேட்கிறது. இழப்பில்லாத முறையில் சுருக்கிய ஒலித்தடம் சராசரியாக நொடிக்கு 4 மெகாபிட் எடுத்துக்கொண்டால்கூட, இரண்டரை மணி நேரத்துக்கு 4.5 ஜிபி, கிட்டத்தட்ட ஒரு முழு டிவிடி. தமிழுடன் தெலுங்கும் அதே தரத்தில் வேண்டுமென்றால் 9 ஜிபி.

இத்தனைக்கும் மேலே, படப்பிடிப்புக் காட்சிகள், நேர்காணல்கள் போன்ற இணைப்புகளை அதே தகட்டில் ஏற்ற நினைத்தால் என்ன ஆகும்? நொடிக்கு 20 மெகாபிட் வீதம் இரண்டு மணி நேர இணைப்புக்கு 18 ஜிபி போய்விடும். மிச்சமுள்ள 32 ஜிபியில் இரண்டரை மணி நேரப் படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு 28 மெகாபிட்டுக்குள் அடங்க வேண்டும். தனியாக இருந்திருந்தால் 44 வரை கிடைத்திருக்கும். ஆகவே இணைப்புகளை இரண்டாம் தகட்டுக்கு அனுப்புவதை, படத்துக்குச் செய்யும் மரியாதையாகவே நான் பார்க்கிறேன். இணைப்பைப் பெரும்பாலோர் ஒருமுறைதான் பார்ப்பார்கள். படத்தைப் பலமுறை பார்ப்பார்கள்.

4கே (1920-க்கு 1080-ஐவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்) பெட்டிகளில் கூடுதலாக வரும் தகட்டுக்குக் காரணம் வேறு. 2016-இல் விற்பனைக்கு வந்த அல்ட்ரா எச்டி ப்ளூரே 66 ஜிபி, 100 ஜிபி தகடுகளையும் பயன்படுத்துகிறது. சாதாரண ப்ளூரே கருவி அவற்றைப் படிக்காது. எனவே இரு வகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் பயன்பட, ஒரே படத்தை இரண்டு தகடுகளில் தருகிறார்கள். இதில் தரம் கூடுவதில்லை. வசதி மட்டுமே உண்டு.

படத்தையே இரண்டாகப் பிரிப்பதைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வரிசையின் நீட்டித்த பதிப்பில் ஒவ்வொரு படமும் இரண்டு ப்ளூரே தகடுகளில் வந்தது. மூன்றாம் படம் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதை ஒரே தகட்டில் திணித்திருந்தால் நொடிக்கு 27 மெகாபிட்கூட முழுதாகக் கிடைத்திருக்காது, அதிலேயே ஒலியும் அடக்கம். எழுந்து போய்த் தகடு மாற்றும் சிறு சிரமத்துக்கு ஈடாகக் கிடைப்பது ஏறத்தாழ இரு மடங்கு இடம். இடைவேளையே இல்லாமல் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நிறுத்தம் உறுத்தலாம். நமக்கு உறுத்த வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் ஓடும் பழைய தமிழ்ப் படங்களில் இடைவேளைக்கான இடத்தை இயக்குநரே குறித்துவைத்திருக்கிறார். அவற்றை நெகட்டிவிலிருந்து புதுப்பித்து ப்ளூரேயில் கொண்டுவருபவர்கள், முதல் தகட்டை அந்த 'இடைவேளை' எழுத்தோடு முடித்து, இரண்டாம் பாதியை அடுத்த தகட்டில் முழு மடையும் திறந்து தர வேண்டும் என்பதே என் விருப்பம்.