குட்டிப்பயலுக்கு ஒரு பெயர்

தங்கை மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம். சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் மூன்று நாளாக இதே பேச்சு.

அம்மாவுக்கு அப்புச்சியின், அதாவது தன் அப்பாவின், பெயர் வேண்டும்: செங்கோடன். பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததுதானே என்கிறார். நியாயம்தான். ஆனால் அம்மாயி இன்றுவரை புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. திருச்செங்கோட்டைக்கூட 'அந்த மலைக்கோயில்' என்றுதான் சொல்லும். கொள்ளுப்பேரனை எப்படிக் கூப்பிடும்? "நான் சாமின்னு கூப்பிட்டுக்கிறேன், போ" என்று அதுவே தீர்ப்பும் சொல்லிவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஊர் ஏற்காடு. அவர் கேட்பது சேர்வராயன். உச்சியில், குகைக்குள், காவேரியம்மனோடு இருக்கும் சாமி. மலைக்கே அவர் பெயர்தான். கம்பீரம்தான், ஆனால் வெள்ளைக்காரன் வாயில் அதுவே ஷெவராய் ஆனது. பள்ளிக்கூடத்தில் என்ன ஆகுமோ!

என் கட்சி சங்ககாலம். கொல்லிமலை ஆண்ட ஓரி, வில்லாளி, இரண்டே எழுத்து. காரியும் அப்படித்தான், ஆனால் ஓரியைக் கொன்றவனே அவன். இரட்டைப் பிள்ளைகளுக்கு இந்த ஜோடியை வைத்துவிடாதீர்கள். (இருவர் குதிரைகளுக்கும் அவரவர் பெயரேதான்.) ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அதியன் என்றால் வம்பில்லை. தகடூர் என்பது பக்கத்துத் தருமபுரிதான்.

அப்புறம் ஜோசியர் வந்தார். அசுவினி இரண்டாம் பாதமாம், 'சே'யில் வைக்கணுமாம். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைசி முயற்சியாக, "சேரன்?" என்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.