டாலஸில் நள்ளிரவு நேரத்தில் அலறிய சைரன்கள்

2017 ஏப்ரல் 7 அன்று இரவு பதினொன்றே முக்காலுக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் டாலஸ் நகரில் டொர்னாடோ எனும் கடும் சுழல்காற்று பற்றிய எச்சரிக்கைக்காக நிறுவப்பட்டிருந்த 156 சைரன்களும் அலறத் தொடங்கின. புயல் எதுவும் இல்லை. ஒன்றரை நிமிடம் ஒலிப்பதும் அடங்குவதும் மீண்டும் ஒலிப்பதுமாக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அது நீடித்தது. 911 அவசர எண்ணுக்கு 4,400-க்கும் மேற்பட்ட அழைப்புகள் குவிந்தன. சைரன்களை இயக்கும் வானொலிச் சமிக்ஞையை யாரோ போலியாக அனுப்பியிருந்தார்கள். முழு அமைப்பையும் நிறுத்திய பிறகே ஓசை அடங்கியது. டொர்னாடோக்கள் மிகுந்த வசந்த காலத்தில் ஒரு பெருநகரின் எச்சரிக்கைக் குரலையே அடக்க நேர்ந்ததுதான், என்னைப் பொறுத்தவரை, அந்த இரவின் உண்மையான ஆபத்து.

தூக்கம் கெட்டதோடு போகட்டும் என்று இதை விட்டுவிட முடியாது; காரணமின்றி ஒலிக்கும் சைரனை மக்கள் நம்பாமல் போய்விடக்கூடும். 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரை டொர்னாடோ தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதை ஆராய்ந்த அமெரிக்க அரசு வல்லுநர்கள், அடிக்கடி ஒலித்துப் பழகிப்போன சைரன்களை மக்கள் பொருட்படுத்தவில்லை என்றும், வேறு வழியில் உறுதிசெய்துகொள்ளும்வரை பலர் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லாமல் காத்திருந்தார்கள் என்றும் கண்டறிந்தார்கள். டாலஸ் நிர்வாகம் 2017-இன் சைரன் சம்பவத்துக்குப் பிறகுதான் சமிக்ஞைகளுக்கு மறையாக்கப் (encryption) பாதுகாப்பைச் சேர்த்தது.