பஸ் போர்டும் கண்டக்டர் குரலும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் கடற்கரை, குலசேகரம் மலையோரம். தக்கலையில் பஸ் மாறி ஏறினால் போகிற திசையே வேறு. ஆனால் புள்ளிகள் குறைவான எல்இடி போர்டில் ள-வின் சுழி அடைந்துபோய், பார்வை மங்கியவருக்கு இரண்டு பெயரின் தொடக்கமும் ஒன்றுபோலத் தெரியும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கும் இதே சங்கடம்தான். ல, ள இரண்டும் நாக்கின் வேலை. உதட்டில் வித்தியாசம் வராது.

போர்டில் ஊர்ப்பெயர் ஓடக் கூடாது, அசையாமல் நிற்கணும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்து நல்லது, சிவப்பு எடுபடாது. கூடவே, வாசலுக்கு வெளியே ஒரு ஸ்பீக்கர் வேண்டும். நிறுத்தத்தில் நிற்கிற பார்வையற்றவருக்கு எந்த பஸ் வந்திருக்கிறது என்பதுதான் முதலில் தெரியணும். உள்ளே மட்டும் அறிவித்து என்ன பயன்?

உள்ளே வரும் ஜிபிஎஸ் அறிவிப்பில் ஒரு சிக்கல் உண்டு. நம் மாவட்டத்தில் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. 200 மீட்டர் முன்னால் அறிவிக்கும்படி வைத்தால், நெருக்கமான இடங்களில் முந்தைய நிறுத்தத்திலேயே அடுத்த பெயர் ஒலித்து, ஆள் தவறி இறங்கிவிடுவார். அங்கெல்லாம் முந்தைய நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியதும் அறிவிக்கும்படி மாற்றணும். அதே பெயர் திரையிலும் வரணும்.

கருவி வரும்வரை கண்டக்டர்தான் எல்லாம். பார்வையற்றவரின் கையையோ கோலையோ பிடித்து இழுக்கக் கூடாது. பஸ் போகும் ஊரைச் சொல்லி, முழங்கையை நீட்டி, அவர் கையை வாசல் கம்பியில் வைத்துவிட்டால் போதும், ஏறிவிடுவார். காது கேளாதவரிடம் கத்திப் பேசினால் உதட்டின் வடிவம் கெட்டுப்போகும். முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று இயல்பாகப் பேசுங்கள். டிக்கெட்டில் அச்சான ஊர்ப்பெயரை விரலால் காட்டுங்கள். "வண்டி போகாது, இறங்குங்க" என்பதைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் பையில் வைத்திருக்கலாம்.

பிறகு, பார்வையற்றவருக்கு வழிகாட்டத் தரையில் பதிக்கும் மஞ்சள் ஓடு. ஜப்பானின் ஒகயாமாவில் 1967-இல் முதலில் பதித்தது. நீளக் கோடு என்றால் "இப்படியே போ", புள்ளி என்றால் "நில், கவனி". படிக்கட்டுக்கு 300 மில்லிமீட்டர் முன்பே புள்ளி ஓடு வரணும். இரண்டையும் மாற்றிப் பதித்தால் ஓடே இல்லாததைவிட ஆபத்து. கோட்டு ஓடு கம்பத்திலோ கடைச் சாமானிலோ போய் முட்டுவதும் அப்படித்தான். இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் புள்ளிகளுக்கு நடுவே பாசி பிடித்து வழுக்கும், மஞ்சளும் மறைந்துவிடும். ஜூனுக்கு முன்னால் ஒரு தடவை, அக்டோபருக்கு முன்னால் ஒரு தடவை தேய்ப்புக்கட்டையால் தேய்த்துவிடணும்.